பாட்டியும் பேரனும் கட்டிய சீட்டுக்கட்டு

சீட்டாட்டம் என்றாலே முகம் சுளிப்பவர்கள் நம்மில் உண்டு. ஆனால் இது காசு வைத்து ஆடும் சூதல்ல. மந்திரவாதிகளும் எலும்புக்கூடுகளும் உலவும் மாய உலகத்துப் போர். பெயர் 'ஹீரோ ரெல்ம்ஸ்'. 2016-இல் அமெரிக்காவில் வெளிவந்தது. ஆடிக்கொண்டே அவரவர் கட்டை வளர்த்துக்கொள்ளும் இவ்வகை ஆட்டங்களுக்கு வழி திறந்தது 2008-இல் வந்த 'டொமினியன்'.

என் தாயார் ஊரை விட்டு மும்பைக்கு எங்களுடன் வந்து இரண்டு ஆண்டுகளாகின்றன. பேரனுக்கு ஆங்கிலமும் இந்தியும்தான் சரளம். "சாப்பிட்டியா?" "ம்" என்பதற்கு மேல் இருவருக்கும் பேச்சில்லை. பையன் வாங்கி வந்த இந்த ஆட்டத்தை, துணைக்கு ஆள் இல்லாமல் பாட்டிக்கே கற்றுக் கொடுக்கத் தொடங்கினான். நானும் உடனிருந்து கற்றேன்.

தொடக்கத்தில் ஆளுக்குப் பத்துச் சீட்டு: ஏழு தங்கம், ஒரு மாணிக்கம், இரண்டு ஆயுதம். உயிர் 50. ஒவ்வொரு முறையும் கையில் ஐந்து சீட்டு. தங்கத்தால் நடுவில் விரித்த சந்தையில் புதுச் சீட்டு வாங்கலாம். ஆயுதத்தால் எதிரியின் உயிரைக் குறைக்கலாம். வாங்கிய சீட்டு உடனே பயன்படாது. கட்டு தீர்ந்து, மீண்டும் கலைத்த பிறகே கைக்கு வரும். "ஏலச் சீட்டு மாதிரிதாண்டா! இப்பக் கட்டினா அப்புறம் வரும்" என்றார் அம்மா, சட்டென்று.

சிவப்புச் சீட்டுகள் சில, நம்மிடமுள்ள பலமற்ற சீட்டை நிரந்தரமாக நீக்க உதவும். கட்டு மெலிந்தால் நல்ல சீட்டு அடிக்கடி வரும். இதைப் பையன் 'பலி' என்று மொழிபெயர்த்தான். "பலி இல்லை கண்ணா, கழிச்சுக் கட்டுறது" என்று திருத்தினார் பாட்டி. இப்போது ஒவ்வொரு சீட்டுக்கும் இருவரும் தமிழ்ப் பெயர் தேடுகிறார்கள்.

குறைகளும் உண்டு. சீட்டு வாசகங்கள் பொடி எழுத்து ஆங்கிலம். படித்துச் சொல்ல ஆள் வேண்டும். சந்தையில் நல்ல சீட்டு யார் முறைக்கு வருகிறது என்பது அதிர்ஷ்டம். நால்வர் ஆடினால், முதலில் தோற்றவர் வேடிக்கைதான் பார்க்க வேண்டும். படங்கள் சிறு குழந்தைகளுக்கு ஏற்றவையல்ல. பன்னிரண்டு வயதுக்கு மேல் சரி.

இருவர் ஆட அரை மணி போதும். பேரன் பேத்திகளோடு பேச வழி தெரியாமல் மூலையில் அமர்ந்திருக்கும் பெரியவர்கள் உங்கள் வீட்டிலும் இருந்தால், வாங்கிப் பாருங்கள். போன ஞாயிறு அம்மா மஞ்சள் சீட்டுகளாகச் சேர்த்து, உயிரை ஏற்றிக்கொண்டே போய் வென்றார். பையன் கேட்டது, "பாட்டி, இன்னொரு ஆட்டம்?"