போர்வைக்குள் ஒரு மின்கம்பி

சீனன்குடா என்றதும் அங்குள்ள எண்ணெய்த் தாங்கிகளே எவர் நினைவிலும் முதலில் எழும். இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் ஆங்கிலேயர் அமைத்த தாங்கிகள் அவை. 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் திருக்கோணமலையைத் தாக்கியபொழுது, அவற்றுள் 91ஆம் இலக்கத் தாங்கி பற்றிப் பன்னாள் எரிந்தது. அத்துணைப் பெருந்தீயைக் கண்ட ஊரிலே, ஓசையின்றி மூளவிருந்த ஒரு சிறு தீயை நாம் அண்மையிற் காண நேர்ந்தது. அதனைப் பற்றியே இன்று வாசகர்களோடு சிறிது உரையாட விழைகின்றோம்.

எம்மிடம் முன்னர்க் கல்வி பயின்ற ஒருவர் சீனன்குடாவில் வீடமைத்துக் குடும்பத்தோடு வாழ்கின்றார். கச்சான் காற்று அனலாய் வீசும் காலத்தில் அவரைக் காணச் சென்றிருந்தோம். வெளியே நிற்க இயலாத வெப்பம். உள்ளேயோ இனிய குளிர்மை. அறைக்குக் குளிரூட்டி பொருத்தியிருந்தார். குளிர் வீணாகாதிருக்கக் கூரைக்குக் கீழுள்ள உட்கூரைத் தட்டின்மேற் கண்ணாடிப் பஞ்சினைத் தடிப்பாகப் பரப்பியுமிருந்தார். செலவைக் குறைக்கும் நல்ல ஏற்பாடே அது.

ஆயினும், இரவில் அந்த அறையில் ஒருவகை நாற்றம் வருவதாக அவருடைய தாயார் கூறினார். பிளாத்திக்குச் சுடுவது போன்ற நாற்றம் என்றார் அவர். மகன் அதனைப் பொருட்படுத்தவில்லை. “சேர், வயர் சூடானால் பிறேக்கர் விழவேண்டுமல்லவா? ஒருநாளும் விழவில்லையே!” என்று எம்மிடமே திருப்பிக் கேட்டார்.

நியாயமான கேள்விதான். படித்தவர் பலரும் கேட்கக்கூடிய கேள்வி. அதற்கு விடை காணவேண்டுமாயின், கம்பி எவ்வாறு சூடாகின்றது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

செம்புக் கம்பியில் மின்னோட்டம் பாயும்போது வெப்பம் பிறக்கின்றது. அவ்வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப வளரும் என்பதை ஆங்கில அறிஞர் யூல் 1840ஆம் ஆண்டளவில் கண்டறிந்தார். மின்னோட்டம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். மின்னோட்டத்தைப் பாதியாக்கினால் வெப்பம் காற்பங்காகும். சுவரின்மேல் ஓடும் கம்பியிலிருந்து இவ்வெப்பம் காற்றிலும் சுவரிலும் கலந்து அகன்றுவிடும். போகும் வழியை அடைத்துவிட்டாலோ?

வாழைக்குலையைப் பழுக்க வைக்கும்போது வைக்கோலால் மூடி வைக்கின்றோம். குலை வெளிவிடும் சிறு வெப்பமும் வெளியேறாது தங்கிக் காயைக் கனியாக்குகின்றது. கண்ணாடிப் பஞ்சிற் புதைந்த மின்கம்பியின் நிலையும் அதுவே. வெளியிலிருந்து வரும் வெப்பத்தை மறிக்கும் பஞ்சு, உள்ளே பிறக்கும் வெப்பத்தையும் மறிக்கின்றது. பஞ்சுக்கு இன்ன வெப்பம், இனியது எது, தீயது எது என்ற பேதம் தெரியாது.

மின்னிணைப்பு வேலைக்கு நம் நாட்டில் வழிகாட்டியாய் விளங்குவன பிரித்தானிய விதிகள். அவற்றின் முதற் பதிப்பு 1882ஆம் ஆண்டு வெளிவந்தது. மின்விளக்கினால் உண்டாகும் தீ ஆபத்தைத் தடுப்பதே அதன் நோக்கமாயிருந்தது. இன்று வழங்குவது 2018இல் வெளிவந்த பதினெட்டாம் பதிப்பு. அரை மீற்றருக்கு மேற்பட்ட நீளம் வெப்பக் காவலியால் முற்றாகச் சூழப்பட்ட வடம், சுவரின்மேற் பொருத்தியபோது தாங்கும் மின்னோட்டத்திற் பாதியையே தாங்கும் என்று கொள்ளவேண்டும் என்பது அவ்விதிகளுள் ஒன்று.

மாணவர் இதனைக் கணக்காகவே செய்து பார்க்கலாம். வீடுகளிற் பெரிதும் பயன்படும் 2.5 சதுர மில்லிமீற்றர்த் தட்டை வடம், சூழல் 30 பாகையாயிருக்கும்போது சுவரின்மேல் 27 அம்பியர் தாங்கும். பஞ்சிற் புதைந்தால் 13.5 அம்பியர். நம்மூர்க் கூரையின் கீழ் வெயில் நேரத்தில் 45 பாகை இருக்குமெனக் கொண்டால், அதனையும் 0.79ஆற் பெருக்கவேண்டும். எஞ்சுவது ஏறத்தாழ 10.7 அம்பியர்!

எம் மாணவர் வீட்டில் அந்த ஒரே வடத்தில் குளிரூட்டியும் 2,000 உவாற்றுக் கேத்தலும் இணைந்திருந்தன. இரண்டும் ஒருங்கே இயங்கும்போது ஏறத்தாழ 14 அம்பியர் பாயும். பொருத்தியிருந்த சுற்றுடைப்பானோ 20 அம்பியருக்குரியது. அதன் கண்ணுக்கு 14 அம்பியர் குற்றமன்று. அது பலகையில் இருந்துகொண்டு மின்னோட்டத்தை மட்டுமே அளக்கின்றது. வடம் பஞ்சினுள் வெந்துகொண்டிருப்பதை எங்ஙனம் அறியும்? பிறேக்கர் விழாமையே அபயம் என எண்ணியதுதான் பிழை.

வடத்தின் பீவீசீ உறைக்கு 70 பாகையே எல்லை. மேற்கூறிய நிலை நீடித்தால் வெப்பம் 85 பாகையையும் கடக்கும். உறை ஒரே நாளில் எரிந்துவிடாது. முதலில் மென்மையாகும், பின்னர் வறண்டு வெடிக்கும், ஈற்றில் இரு கம்பிகள் ஒன்றையொன்று தொடும். தீ மூள்வது அப்பொழுதுதான்.

இஃது ஒரு சிறு வீட்டின் கதை மட்டுமன்று. நியூசிலாந்தின் ஒக்கிலாந்து நகரில் 1998ஆம் ஆண்டு கோடையில், நகர மையத்திற்கு மின்சாரம் கொணர்ந்த நான்கு நிலத்தடி வடங்களும் ஒன்றன்பின் ஒன்றாகப் பழுதுற்றன. நகர மையம் ஏறத்தாழ ஐந்து வாரம் அல்லலுற்றது. வடங்களைச் சூழ்ந்த மண் வெப்பத்தை வெளியே கடத்தும் திறனை மிகையாக மதிப்பிட்டிருந்தமையும் அதற்கொரு காரணமாயிற்று. ஈர மண் வெப்பத்தை நன்கு கடத்தும். உலர்ந்த மண் போர்வையாகிவிடும்.

மறுநாள் மின்னிணைப்பாளர் ஒருவரை அழைத்து, மின்சாரத்தை நிறுத்திப் பஞ்சினை விலக்கிப் பார்த்தோம். சுவரை ஒட்டி வந்த பகுதி புதிது போலவே இருந்தது. பஞ்சினுட் கிடந்த பகுதியோ பழுப்பேறி, வளைத்தால் முறியும் நிலையில் இருந்தது. ஒரே வடம், ஒரே மின்னோட்டம், கிடந்த இடம் மட்டுமே வேறு.

பரிகாரம் எளிது. இயன்றவரை வடத்தைப் பஞ்சிற்கு வெளியே கொண்டுசெல்லவேண்டும். இயலாதவிடத்து, அதன் ஒரு பக்கமேனும் உட்கூரைத் தட்டினை ஒட்டிக் கிடக்கவேண்டும். தடித்த வடத்தையும் அதற்கேற்ற சிறிய சுற்றுடைப்பானையும் பயன்படுத்தவேண்டும். அங்கே அவ்விதமே செய்யப்பட்டது. குளிரூட்டிக்கு 4 சதுர மில்லிமீற்றர் வடமும் 16 அம்பியர்ச் சுற்றுடைப்பானும் தனியாக அமைந்தன. கேத்தல் வேறு இணைப்பிற்குச் சென்றது. ரெஜிபோம் பரப்புவோர் இன்னொன்றையும் கருதவேண்டும். அது பீவீசீ உறையைத் தொட்டுக்கொண்டிருந்தால் உறையின் நெகிழ்வு கெடும். நீட்டிப்பு வடத்தைச் சுருளாக வைத்தபடி மின் அடுப்பு மூட்டுவதும் இதே தவறே. சுருளின் ஒவ்வொரு சுற்றும் மற்றைய சுற்றுக்குப் போர்வையாகின்றது.

புதுக்கூரை வேய்வோரும் குளிரூட்டி பொருத்துவோரும், “இப்பஞ்சின் கீழ் எந்த வடம் கிடக்கின்றது? அதில் எவ்வளவு மின்னோட்டம் பாயும்?” என்னும் இரு வினாக்களை முன்னரே கேட்டுவிடுதல் நன்று. சீனன்குடா வீட்டில் அவற்றை எவரும் கேட்கவில்லை. நாற்றம் வருகின்றது என்று வற்புறுத்திய அந்த முதிய தாயார்தாம் வீட்டைக் காத்தார். அன்று விடைபெறும்போது எம் மாணவர் முறிந்த வடத்துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, “அம்மா சொன்னதை அப்பொழுதே கேட்டிருக்கவேண்டும், சேர்” என்றார்.