அடியேன் என்றும் மாப்பிள்ளை என்றும்

மாசி மகத்தன்று திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள், காரைக்காலைச் சார்ந்த திருமலைராயன்பட்டினக் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்காக எழுந்தருளுகிறார். அங்குள்ள மீனவர்கள் அவரை 'மாப்பிள்ளை' என்றழைத்து எதிர்கொள்கின்றனர். வலைஞர் தலைவன் திருமகளான பத்மினி நாச்சியாரைப் பெருமாள் கைப்பிடித்தார் என்பது ஸ்தல ஐதிஹ்யம்.

ஸம்ப்ரதாயமறிந்தார் சிலருக்கு இவ்வழைப்பு நெருடலாம். ஸ்ரீவைஷ்ணவ பரிபாஷையில் 'நான்' என்பதற்கு இடமில்லை; 'அடியேன்' என்பதே வழக்கு. தம் இல்லம் குடிசை, பிறரது திருமாளிகை. பெருமாள் உண்பது அமுது செய்தல், உறங்குவது கண்வளர்தல். இவற்றை வெறும் உபசார வார்த்தைகளாகக் கொள்வது பிழை. ஆத்மாவுக்கு ஜ்ஞானம் முற்பட்ட நிரூபகமா, சேஷத்வமா என்னும் ஐயம் எம்பெருமானார் கோஷ்டியில் எழுந்தபோது, கூரத்தாழ்வான் திருக்கோட்டியூர் நம்பியை ஆச்ரயித்துத் தெளிந்து வந்தார் என்று ஈட்டில் காண்கிறோம். அத்தெளிவுக்கு ஆதாரம் ஒரே சொல். திருவாய்மொழி 8-8-2இல், ஆத்மாவைச் சொல்ல வேண்டிய இடத்தில் நம்மாழ்வார் 'அடியேன்' என்றே அருளிச்செய்தார். நாவில் பழகிய சொல் ஸ்வரூப நிர்ணயத்துக்கே பிரமாணமாயிற்று.

அங்ஙனமாயின், தாஸர் என்று சொல்லிக்கொள்ள வேண்டியவர்கள் மாமனார் முறை கொண்டாடுவது சேஷத்வத்துக்கு விரோதமன்றோ எனில், அன்று. பிள்ளை லோகாசார்யர் நவவித ஸம்பந்தத்தில் சேஷ சேஷி உறவோடு பிதா புத்ர உறவையும், பர்த்ரு பார்யா உறவையும் சேர்த்தே எண்ணினார். மாமனார் உறவு அவ்வொன்பதில் இல்லை. பர்த்ரு பார்யா உறவின் வாசலால் உள்ளே நுழைகிறது. கன்னிகாதானம் செய்பவர் வரனை விஷ்ணுவாகவே பாவித்துப் பாதம் விளக்குகிறார். பின்னர் அவரே, 'வெயிலில் வந்தாரே, உண்டாரோ இல்லையோ' என்று தவிக்கவும் செய்கிறார். தாஸ்யமும் பரிவும் ஒருவரிடமே கூடும் நிலை இது. பெரியாழ்வாரிடம் கண்டதும் இதுவே.

கண்ணபுரத்து எம்பெருமானுக்கோ இத்தகைய உறவுச் சொற்கள் புதியன அல்ல. குலசேகராழ்வார் கௌஸல்யையின் நிலையில் நின்று அவரை இராமனாகத் தாலாட்டினார். திருமங்கையாழ்வார் பெரிய திருமொழியின் 8ஆம் பத்தினை, 100 பாசுரங்களையும், அத்தலத்துக்கே ஆக்கினார். அதன் தொடக்கமே மகளை எண்ணி நையும் தாயின் பேச்சு. ஆழ்வார்கள் தாயாகப் பேசியதற்கு வ்யாக்யானம் எழுதிய மரபு, வலைஞர் மாமனாராகப் பேசுவதை லௌகிகம் என்று தள்ளுதல் தகாது. ஸௌலப்யம் என்று நாம் பக்கம் பக்கமாக விரிப்பதை அவர்கள் முறை வைத்து அழைத்தே முடித்துவிடுகின்றனர்.

அக்ரஹாரங்களிலோ, 'அடியேன்' கடிதத்தின் இறுதியில் கையொப்பத்துக்கு முன்னே மட்டும் எஞ்சி நிற்கக் காண்கிறோம்.