கழுத்தில் இருக்கிறது பெயர்

கோத்தகிரியில் லாங்வுட் சோலை மொத்தம் 116 ஹெக்டேர்தான். சுற்றிலும் தேயிலையும் வீடுகளும் நெருக்குகின்றன. உள்ளே நுழைந்து சற்றுநேரம் அசையாமல் நின்றால், மர உச்சியில் படபடவென்று கனத்த சிறகடிப்பு கேட்கும். எனக்கு அதுவே போதும், அன்றைக்கு வந்தது வீண்போகவில்லை.

அந்தச் சத்தம் கேட்டால் அப்பா "காட்டுப்புறா" என்பார். எஸ்டேட்டில் வேலை பார்த்த அவருக்குச் சோலைக்குள் பறக்கும் எல்லாமே காட்டுப்புறாதான். அவர் தலைமுறையில் புறா என்பது முதலில் கறி. துரைமார் துப்பாக்கியோடு காட்டுக்குள் போன பழக்கம் அவர்கள் கப்பலேறிய பிறகும் தொடர்ந்தது. பறவைகளைப் பற்றி எழுதியவர்களும் சுட்டுத்தான் எழுதினார்கள். 1843 முதல் 1847 வரை மெட்ராஸில் படங்களோடு பறவை நூல் வெளியிட்ட ஜெர்டனின் காலத்தில், ஒரு பறவையின் பெயரை உறுதி செய்ய அது உயிரோடு இருக்க வேண்டிய அவசியமே இல்லை. உள்ளங்கையில் கிடத்தி, கழுத்து இறகை விலக்கிப் பார்த்துக்கொண்டார்கள்.

அந்தக் கழுத்துதான் இன்றைக்கும் முக்கியம். நீலகிரிக் காட்டுப்புறாவின் பிடரியில் கறுப்பும் வெள்ளையும் சதுரங்கக் கட்டம் போல் இருக்கும். தலை சாம்பல், முதுகு செம்பழுப்பு. மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் இந்தப் பறவை உலகில் வேறெங்கும் இல்லை. இதைவிடப் பெரியது மந்திப்புறா. அதற்குக் கட்டம் கிடையாது. வால் நுனியில் வெளிர் பட்டை ஓடும். ஊர்ப்பக்கத்துப் புள்ளிப்புறாவுக்கும் பிடரியில் வெள்ளைப் புள்ளிகள் உண்டு, அதனால் புதிதாக வருபவர்கள் குழம்புவார்கள். அது சின்னப் பறவை, உடம்பு இளஞ்சிவப்பு கலந்த பழுப்பு, தரையில் நடந்து மேயும். நம் மாநிலப் பறவையான மரகதப்புறா வேறு ரகம். பச்சைச் சிறகும் சிவப்பு அலகுமாகப் பாதையின் குறுக்கே தாழப் பாய்ந்து மறைந்துவிடும்.

கிளிகளுக்குக் கொஞ்சம் இறங்க வேண்டும், கூடலூர்ப் பக்கம். அங்கே பறக்கும் நீலச்சிறகுக் கிளிக்குப் புறா போலச் சாம்பல் தலையும் மார்பும். விலங்கியலில் அதற்கு வைத்த பெயருக்கே புறா போன்றது என்றுதான் பொருள். இன்னும் கீழே, முதுமலை வறண்ட காட்டில் செந்தலைக்கிளி. ஆணைக் கண்டுபிடிப்பதில் சிரமமில்லை. பெண்ணுக்குத் தலை சாம்பல் என்பதால் ஏமாந்துபோவோம். மஞ்சள் அலகும் கழுத்தில் மஞ்சள் வளையமும் வெள்ளை வால் நுனியும் தெரிந்தால் அது செந்தலைக்கிளி. நீலச்சிறகுக் கிளியில் ஆணின் மேலலகு சிவப்பு, பெண்ணுக்குக் கறுப்பு. வால் நுனி மஞ்சள். முன்பு இவை மரப்பொந்திலிருந்து குஞ்சாகவே கூண்டுக்குப் போயின. எங்கள் எஸ்டேட் லைன் வீட்டிலும் ஒரு கூண்டு தொங்கியது. அதை இப்போது நினைத்தாலும் நெஞ்சு கனக்கிறது.

பறவையியலாளர் சலீம் அலியின் பறவைப் புத்தகம் 1941-இல் வந்தது, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இல். துப்பாக்கி போய் பைனாகுலர் வந்தது. இன்றோ கைபேசியே குரலைக் கேட்டுப் பெயர் சொல்கிறது. 2015 முதல் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் சேரும் பிள்ளைகள், நான் பத்து வருடத்தில் கற்றதை ஒரே காலையில் பிடித்துக்கொள்கிறார்கள். ஒரு பறவையும் சாகாமல் இத்தனை பேர் இத்தனை பெயர் சொல்வது எனக்குப் பெரிய சந்தோஷம்.

ஆனாலும் அப்பாவுக்கு ஒன்று தெரிந்திருந்தது. அவர் புறாவைத் தேடமாட்டார், மரத்தைத் தேடுவார். எந்த மாதம் எங்கே விக்கி மரம் பழுக்கும், எந்த நாவலுக்கு அடியில் தின்று போட்ட கொட்டை கிடக்கும் என்று பார்த்து அங்கே போய் உட்கார்ந்துவிடுவார். அந்த மரங்கள் நின்ற எத்தனையோ சரிவுகளில் இப்போது தேயிலையும் சீகை மரமும் யூகலிப்டஸும் நிற்கின்றன. பறவையின் பெயர் சொல்லும் பிள்ளைகளிடம் அது உட்கார்ந்திருக்கும் மரத்தின் பெயரையும் நான் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

போன பொங்கலுக்கு லாங்வுட்டில் ஆழத்திலிருந்து "ஹூ... ஹூ-ஹூ-ஹூ" என்று வந்தது. கருமந்திக் குரங்கா, புறாவா? கைபேசியை உயர்த்திப் பிடித்த பெண், சற்றுநேரத்தில் அதைப் பைக்குள் போட்டுவிட்டு அண்ணாந்தாள். "அண்ணா, அந்த மரத்துல பழம் இருக்கு" என்றாள். நாங்கள் அதன் அடியில் போய் உட்கார்ந்தோம்.