பதினாறும் பதினேழும்

தெல்தோட்டை தந்த அருள்வாக்கி அப்துல் காதிறுப் புலவர் கண்டிக் கலம்பகம் பாடினார். கலம்பகத்துக்குரிய பாவகைகளுள் கட்டளைக் கலித்துறையும் ஒன்று. ஐஞ்சீரடி நான்கு கொண்ட அதில், ஒற்று நீக்கி எண்ணின், நேரசையில் தொடங்கும் பாட்டின் அடிக்கு எழுத்து 16. நிரையசையில் தொடங்குவதன் அடிக்கு 17. இவ்வெண்ணுக்கு அஞ்சிய மாணவர், விரல்விட்டு எண்ணிச் சொல்லை வெட்டியும் ஒட்டியும் இடர்ப்படுகின்றனர், பாட்டோ உயிரிழக்கின்றது.

அச்சம் வேண்டா. எண் என்பது தளையின் விளைவேயாம். வெண்டளையில் மாமுன் நிரையும் விளமுன் நேரும் வருமன்றோ? ஆகவே ஒரு சீரின் ஈற்றசையும் அடுத்த சீரின் முதலசையும் கூடினால் என்றும் மூன்றெழுத்தே. மாங்காய்ச் சீரின் ஈற்றசை இரண்டோடு பின்வரும் நேர் கூடினும் அம்மூன்றே. இடையில் விளங்காய் புகின் நான்காகிவிடும். அதனாலேயே அஃது ஆண்டு விலக்கப்பட்டது.

சீர்கள் கூடுமிடம் நான்கு, ஆக 12. ஈற்றுச் சீரில் முதலசை ஒழிந்த 'விளங்காய்' 3. அடிமுதல் நேராயின் 1, நிரையாயின் 2. கூட்டிப் பாருங்கள்!

ஏடெழுதுவோன் ஓரெழுத்தை விட்டிருப்பினும் இக்கணக்குக் காட்டிவிடும். ஆதலின் ஆசிரியர்காள், மாணவர் செவிக்கு முதலில் தளையைப் பழக்குங்கள். எண் தானே வந்து நிற்கும்.