பழைமை பேணும் இளம்பெண்களும் தலைமைப் பயிற்சியும்: அமெரிக்க அனுபவம் பற்றிய ஒரு நோக்கு

‘வலுவூட்டல்’, ‘தலைமைத்துவம்’ ஆகிய சொற்கள் பெண்நிலைவாதச் சிந்தனையோடு நெருங்கிய தொடர்புடையன. ஒடுக்கப்பட்டோர் தம்மைத் தாமே ஒழுங்கமைத்துக் கொள்ளும்பொழுது சமுதாயம் முன்னோக்கி நகரும் என்ற நம்பிக்கை அச்சொற்களின் பின்னணியில் உண்டு. ஆயின், அமெரிக்க ஐக்கிய நாட்டில் பெண்நிலைவாதத்தை எதிர்க்கும் அமைப்புகளும் இதே சொற்களைக் கையாளுகின்றன. அவை பல்கலைக்கழக மாணவியரைத் திரட்டுகின்றன. மேடையிற் பேசவும் விவாதிக்கவும் பயிற்றுகின்றன. அரசியல், சட்டம், வெகுசனத் தொடர்பு ஆகிய துறைகளிலுள்ள மூத்த பெண்களோடு அவர்களை இணைத்து விடுகின்றன. இவ்வாறு ஓராண்டு பயின்ற மாணவி அதன் முடிவில் உண்மையிலேயே முன்னிலும் ஆற்றல் மிக்கவளாகிறாள்.

இதனை ஏமாற்று வித்தை என்றோ, ஆண்கள் ஆட்டுவிக்கும் பொம்மலாட்டம் என்றோ ஒதுக்கிவிடுவது எளிது. அவ்வாறு ஒதுக்குவது நிகழ்வை விளங்கிக்கொள்ள உதவாது. இவ்வியக்கம் தோன்றிய சமூகச் சூழல் யாது, அதன் செயல்முறை எத்தகையது, அது வழங்கும் வலு யாரைச் சென்றடைகின்றது என்னும் மூன்று வினாக்களை இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

1. இல்லத்தரசிகளின் அணி

பழைமை பேணும் பெண்கள் அமைப்புரீதியாக இயங்குவது புதியதன்று. பெண்களுக்கு வாக்குரிமை வழங்குவதை எதிர்க்கும் தேசியச் சங்கமொன்று 1911இல் நியூயோர்க் நகரில் நிறுவப்பட்டது. அதன் தலைவியாயிருந்தவர் ஜோசபின் டொட்ஜ் என்னும் பெண்மணியே. எனினும், இன்றைய அமைப்புகளின் நேரடி முன்னோடியைக் காண்பதற்கு நாம் 1972ஆம் ஆண்டுக்கு வருதல் வேண்டும்.

அவ்வாண்டு மார்ச் 22ஆந் திகதி, பால் அடிப்படையில் உரிமை மறுக்கப்படலாகாது எனக் கூறும் சம உரிமைத் திருத்தத்தை அமெரிக்க செனற் சபை 84க்கு 8 என்ற வாக்குகளால் நிறைவேற்றியது. அரசியலமைப்பின் பகுதியாக அது மாறுவதற்கு 38 மாநிலங்களின் ஒப்புதல் வேண்டியிருந்தது. ஏறத்தாழ ஓராண்டினுள் 30 மாநிலங்கள் ஒப்புதல் அளித்துவிட்டன. வெற்றி உறுதி என்றே யாவரும் எண்ணினர். ஆயினும், 1977இல் அத்தொகை 35ஐ எட்டியபின் உரிய காலத்துள் வேறெந்த மாநிலமும் முன்வரவில்லை. நீடிக்கப்பட்ட தவணை 1982 ஜூன் 30இல் முடிவடைந்தது. 2017க்கும் 2020க்கும் இடையே மேலும் மூன்று மாநிலங்கள் ஒப்புதல் வழங்கிய போதிலும், தவணை கடந்தமையால் அவற்றின் செல்லுபடி பற்றிய சட்டப் பிணக்கு எழுந்தது.

இத்தடையை ஏற்படுத்தியோருள் முதன்மையானவர் பிலிஸ் ஷ்லாப்லி (1924–2016). ஆறு பிள்ளைகளின் தாயான அவர் தம்மை இல்லத்தரசி என்றே அறிமுகஞ் செய்துகொண்டார். ஆனால் அவர் றட்கிளிப் கல்லூரியில் முதுமாணிப் பட்டம் பெற்றவர். 1952இலும் 1970இலும் கொங்கிரஸ் தேர்தல்களிற் போட்டியிட்டுத் தோற்றவர். 1967 முதல் மாதந்தோறும் அரசியற் செய்தி மடலொன்றை வெளியிட்டு வந்தவர். 1978இல் சட்டப் பட்டமும் பெற்றவர். இல்லத்தின் மேன்மையைப் போற்றிய அவரது வாழ்க்கை பெரும்பாலும் பொதுமேடையிலேயே கழிந்தது. இம்முரண் அவருடைய தனிப்பட்ட முரண் மாத்திரமன்று. அவர் உருவாக்கிய இயக்கத்தின் உள்ளமைப்பிலும் அது பதிந்துள்ளது.

2. அச்சத்தின் பொருளாதார அடிப்படை

சாதாரணப் பெண்கள் பலர் அவர் பின்னே ஏன் திரண்டனர்? கணவன் மனைவியைப் பராமரிக்க வேண்டும் என்ற சட்டக் கடமை நீங்கிவிடும், பெண்கள் கட்டாய இராணுவ சேவைக்கு அழைக்கப்படுவர் என்பன ஷ்லாப்லி முன்வைத்த வாதங்களுட் சில. இவற்றை வெறும் மிகையுரைகள் எனக் கொள்வோர், அக்காலச் சூழலிலே நிகழ்ந்த மாற்றமொன்றைக் கவனிக்கத் தவறுகின்றனர். எவர்மீதும் குற்றம் நிறுவாமலே மணவிலக்குப் பெறலாம் என்னும் சட்டம் கலிபோர்னியாவில் 1970இல் நடைமுறைக்கு வந்தது. தொடர்ந்து ஏனைய மாநிலங்களிலும் அது பரவியது. இருபது ஆண்டுகள் வீட்டுப் பணியிற் கழித்து, தொழில் அனுபவமோ சொந்த வருவாயோ இல்லாதிருந்த பெண்ணுக்குக் குடும்பம் என்பது உணர்வுப் பிணைப்பு மாத்திரமன்று. அதுவே அவளது வாழ்வாதாரமுமாகும். அந்த ஆதாரம் ஆட்டங்காணும் வேளையில், சமத்துவம் என்ற சொல் அவளுக்குப் பாதுகாப்பின் இழப்பாகவே தோன்றியது. குடும்பத்தைப் பேணும் பொறுப்பிலிருந்து ஆண்கள் விலகியமையே இவ்வச்சத்தின் ஊற்று என 1983இல் பார்பரா எரன்றைக் வாதிட்டார். அச்சத்திற்கு உண்மையான அடிப்படை இருந்தது. ஆனால் அது திருப்பிவிடப்பட்ட இலக்கே பிழையானது.

ஆயினும், பழைமை பேணும் பெண்கள் யாவரும் ஒரே தன்மையர் அல்லர். புதிய வலதுசாரிப் பெண்கள் பற்றி 1987இல் வெளிவந்த ஆய்விலே றெபெக்கா கிளாட்ச் இரு பிரிவினரை இனங்கண்டார். ஒரு பிரிவினர் சமயத்தையும் குடும்பத்தையும் உலக நோக்கின் மையமாகக் கொண்டோர். மற்றைய பிரிவினர் தனிமனித சுதந்திரத்தையும் தடையற்ற சந்தையையும் போற்றுவோர். முன்னையோர் ஆணும் பெண்ணும் இயல்பிலேயே வெவ்வேறு கடமைகளுக்குரியோர் என்பர். பின்னையோர் பெண் ஆணுக்கு நிகரானவள், ஆதலின் அவளுக்கு அரசின் துணை வேண்டியதில்லை என்பர். இவ்விரு நோக்குகளும் ஒன்றோடொன்று பொருந்தாதவை. எனினும் பெண்நிலைவாதத்தை எதிர்ப்பதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன. இளம்பெண்களுக்கான இன்றைய பயிற்சிகளிலும் இவ்விரு குரல்களையும் அடுத்தடுத்துக் கேட்கலாம்.

3. வீட்டிலிருந்து பல்கலைக்கழகத்திற்கு

1982 அளவில் அமெரிக்காவில் இளமாணிப் பட்டம் பெறும் பெண்களின் தொகை ஆண்களின் தொகையை விஞ்சியது. அன்று முதல் அந்நிலை மாறவில்லை. இதனால் பழைமை பேணும் இயக்கத்தின் ஆட்சேர்ப்புத் தளமும் மாறியது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியபின் தொலைபேசியில் அயலவரைத் திரட்டிய தாய்மாரின் இடத்திற்கு, தொழில் வாழ்வை எதிர்நோக்கும் பட்டதாரி மாணவியர் வந்து சேர்ந்தனர். மேலும், 1980 தொடக்கம் ஒவ்வொரு சனாதிபதித் தேர்தலிலும் ஆண்களைவிடப் பெண்கள் குறைந்த விகிதத்திலேயே குடியரசுக் கட்சிக்கு வாக்களித்து வந்துள்ளனர். கட்சியின் கொள்கைகளைப் பெண்குரலிற் பேசவல்லோர் அதற்குத் தேவைப்பட்டனர்.

இத்தேவைகள் சந்தித்த இடத்திலே புதிய நிறுவனங்கள் தோன்றின. உயர் நீதிமன்ற நீதியரசராகக் கிளறன்ஸ் தோமஸ் நியமிக்கப்பட்டபோது 1991இல் எழுந்த சர்ச்சையில் அவரை ஆதரித்த பெண்களின் முயற்சியிலிருந்து, சுயாதீனப் பெண்கள் மன்றம் 1992இல் உருவாயிற்று. நாடக ஆசிரியையாகவும் கொங்கிரஸ் உறுப்பினராகவும் இத்தாலிக்கான தூதுவராகவும் விளங்கிய கிளெயர் பூத் லூஸ் அம்மையாரின் பெயரால், மாணவியரை நோக்கிய நிறுவனமொன்று 1993இல் அமைக்கப்பட்டது. 2004இல் வேர்ஜீனியாப் பல்கலைக்கழக மாணவி கரின் அக்னஸ், பழைமைக் கருத்துடைய மாணவியருக்கென நூல் வாசிப்பு வட்டமொன்றைத் தொடங்கினார். அதுவே பின்னர் பல பல்கலைக்கழகங்களிற் கிளை பரப்பிய ‘ஒளிபெற்ற பெண்களின் வலையமைப்பு’ ஆகும். 2012இல் நிறுவப்பட்ட ‘ரேனிங் பொயின்ற்’ என்னும் இளைஞர் இயக்கமும் 2015 முதல் இளம்பெண்களுக்கான தலைமைத்துவ மாநாடுகளை நடத்தி வருகின்றது.

4. ஓராண்டின் செயல்முறை

இத்தகைய அமைப்புகளின் ஆண்டு, பல்கலைக்கழக ஆண்டோடு இணைந்தே செல்கின்றது. கல்வியாண்டு தொடங்கும் இலையுதிர் காலத்தில் புதிய மாணவியரைச் சேர்ப்பதே முதற் பணி. வளாகத்தில் தமது கருத்துடையோர் சிறுபான்மையினர், பெண்கள் நிலையங்கள் ஒரு சாராரின் கருத்தையே முன்வைக்கின்றன என்னும் மனக்குறை இங்கு இணைப்புச் சக்தியாகின்றது. அடுத்து வருவது வாசிப்பு. சிறு குழுவாகக் கூடி நூலையோ கட்டுரையையோ படித்து விவாதிக்கும்பொழுது, மாணவி கருத்தைப் பெறுவதோடு அதனைப் பிறர்முன் எடுத்துரைக்கும் துணிவையும் பெறுகிறாள். தொடர்ந்து, வெளியிலிருந்து பேச்சாளரை அழைத்தல், கூட்டம் ஒழுங்கு செய்தல், பத்திரிகைக்கு எழுதுதல், நிதி திரட்டுதல் என்பன அவள் பொறுப்பாகின்றன. கிளையொன்றின் தலைவியாக ஓராண்டு பணியாற்றியவள் நிருவாகத்தின் அரிச்சுவடியை முற்றாகக் கற்றுவிடுகிறாள்.

கோடை விடுமுறையில் மாநாடும் பயிலுநர் பணியும் இடம்பெறுகின்றன. மாநாட்டிலே மேடை உரைகளைக் காட்டிலும் அவற்றுக்கு இடைப்பட்ட உரையாடல்களே பயன்மிக்கவை எனலாம். கொங்கிரஸ் அலுவலகத்தில் யாருக்கு உதவியாளர் தேவை, எந்த ஆய்வு நிறுவனத்தில் இடமுண்டு என்னும் செய்திகள் அங்குதான் கைமாறுகின்றன. ஒருவர் மற்றவருக்குப் பரிந்துரை வழங்குகிறார், பரிந்துரை தொழிலாகின்றது, தொழில் பெற்றவள் அடுத்த ஆண்டு வருபவளுக்குக் கைகொடுக்கிறாள். ‘வலையமைப்பு’ என்னும் சொல்லின் பொருள் இதுவே. ஆண்கள் தமது கழகங்களிலும் விருந்து மண்டபங்களிலும் நெடுங்காலமாகச் செய்துவந்ததைப் பெண்கள் தமக்கென அமைத்துக்கொள்வதில் வியப்பேதுமில்லை.

இதன் பலனும் கண்கூடு. 2019 ஜனவரியில் கூடிய பிரதிநிதிகள் சபையில் குடியரசுக் கட்சிப் பெண்கள் 13 பேரே இருந்தனர். சனநாயகக் கட்சிப் பெண்களோ 89 பேர். இந்நிலை கண்டு, 2014இல் 30 வயதிலே தெரிவான எலிஸ் ஸ்டெபானிக், தம் கட்சிப் பெண் வேட்பாளருக்கு ஆரம்பக் கட்டத்திலேயே நிதியுதவி வழங்கும் முயற்சியில் இறங்கினார். 2020ஆம் ஆண்டுத் தேர்தலின் பின் அத்தொகை ஏறத்தாழ 30 ஆக உயர்ந்தது. சனநாயகக் கட்சி சார்ந்த பெண்கள் இதே வழியை 1985 முதற் கையாண்டு வந்தனர் என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

5. வலு யாருக்கு?

இனி மூன்றாவது வினாவுக்கு வருவோம். மேற்கூறிய பயிற்சி தனிப்பட்ட பெண்ணுக்கு வலு அளிக்கின்றது என்பதில் ஐயமில்லை. ஆனால் தனியொருத்தியின் உயர்ச்சியும் பெண்களது வாழ்நிலையின் உயர்ச்சியும் ஒன்றல்ல. கொங்கிரஸ் நிறைவேற்றிய குழந்தை பராமரிப்புச் சட்டமூலத்தை 1971 டிசம்பரில் சனாதிபதி நிக்ஸன் நிராகரித்தார். குடும்பத்தை மையமாகக் கொண்ட பிள்ளை வளர்ப்பு அதனால் நலிவுறும் என்பது அவர் கூறிய காரணங்களுள் ஒன்று. 1993ஆம் ஆண்டுச் சட்டம் குறித்த சில தகைமைகளையுடைய தொழிலாளருக்கு 12 வாரப் பிரசவ, குடும்ப விடுப்பை உறுதி செய்தது. ஆனால் அது ஊதியமற்ற விடுப்பாகும். தனியார் துறையினர் யாவர்க்கும் ஊதியத்தோடு கூடிய மகப்பேற்று விடுப்பை வழங்கும் தேசியச் சட்டம் அங்கு இன்றும் இல்லை. தாய்மையைத் தலைமேற் கொண்டாடும் இயக்கம், உழைக்கும் தாய்க்கு அரசு துணைநிற்க வேண்டும் என்ற கோரிக்கையை ஐயத்தோடு நோக்குவதே இங்குள்ள அடிப்படை முரண்பாடாகும்.

வலையமைப்பின் வாயிலும் எல்லோருக்கும் திறந்ததன்று. வெள்ளை மாளிகையின் பயிலுநர்க்கு 2022 வரை ஊதியம் வழங்கப்படவில்லை. ஊதியமின்றி வாஷிங்டனில் ஒரு கோடைகாலத்தைக் கழிக்க யாரால் இயலும்? வசதி படைத்த குடும்பத்து மாணவியால் இயலும். விடுமுறையில் உழைத்துக் கட்டணம் செலுத்த வேண்டிய மாணவியால் இயலாது. இக்குறை பழைமைவாத அமைப்புகளுக்கு மாத்திரம் உரியதன்று என்பதையும் நேர்மையோடு ஏற்றல் வேண்டும்.

இயக்கத்தின் உள்முரண் காலப்போக்கிற் கூர்மையடைந்தும் வருகின்றது. 2025 ஜூனில் நடைபெற்ற இளம்பெண்கள் தலைமைத்துவ மாநாட்டில், ‘ரேனிங் பொயின்ற்’ நிறுவுநர் சார்லி கேர்க் தொழில் முன்னேற்றத்திலும் பார்க்கத் திருமணமும் தாய்மையுமே மேலானவை என வலியுறுத்தினார். அவர் அவ்வாண்டு செப்டெம்பரிற் கொல்லப்பட்டபின், அவ்வியக்கத்தின் தலைமைப் பொறுப்பு அவரது மனைவி எரிக்காவிடம் வந்தது. தலைமையேற்கப் பயிற்றப்பட்ட பெண்ணை நோக்கி உன் இடம் இல்லமே எனக் கூறும் கருத்துநிலை, தன் இருப்புக்கு அத்தகைய பெண்களின் பொதுவாழ்வையே நம்பியிருக்கின்றது. கற்ற ஆற்றலை எந்த எல்லையோடு நிறுத்துவது என்பதை இனி அப்பெண்களே தீர்மானிப்பர். அவர்களுட் சிலர் எல்லையை மீறவுங் கூடும்.

முற்போக்காளர் இவ்வனுபவத்திலிருந்து பெறத்தக்க பாடங்கள் இரண்டு. முதலாவது, நியாயமான கோரிக்கை தன் நியாயத்தினால் மாத்திரம் வெற்றிபெறுவதில்லை. 1972இல் 84 செனற்றர்களின் ஆதரவைப் பெற்ற திருத்தத்தை, செய்தி மடலும் தொலைபேசியும் பயிற்றப்பட்ட தொண்டர்களும் கொண்டு எதிரணியினர் தடுத்து நிறுத்தினர். ஊர்தோறும் சென்று அச்சமுற்ற இல்லத்தரசியோடு உரையாடும் பணியை அவர்கள் செய்தனர். சமத்துவத்தின் கீழ் அவளது பாதுகாப்பு யாதாகும் என்ற வினாவிற்கு அவள் வாசலிற் சென்று விடை கூறியிருப்பின், முடிவு வேறாயிருக்கலாம். இரண்டாவது, தலைமைப் பயிற்சி ஒரு கருவி. அதனை யார் பயன்படுத்தினாலும் அது பயன் தரும். ஆதலின் ‘எத்தனை பெண்கள் தலைவிகளாயினர்?’ என்ற கணக்கோடு நம் ஆய்வு நின்றுவிடலாகாது. அத்தலைவிகளின் செயலால், பெயரறியப்படாத பெண்ணொருத்தியின் வேலைநாளும் கூலியும் மகப்பேறும் முதுமையும் எவ்வாறு மாறின என்பதே இறுதியில் அளவுகோலாகும். எந்த அணியின் வலுவூட்டலையும் இவ்வளவுகோல் கொண்டே மதிப்பிடல் வேண்டும். நமது அணியும் அதற்கு விலக்கன்று.