வெள்ளிக்காசில் இரண்டு பேரன்கள்

திருப்பூர் காதர்பேட்டையில் பனியன் வாங்க வரும் வியாபாரி முதலில் துணியை விரலால் தடவிப் பார்ப்பார், பிறகுதான் துணியின் எடையைச் சொல்லும் ஜிஎஸ்எம் எவ்வளவு என்று கேட்பார். ரோமானிய வெள்ளிக்காசையும் அப்படித்தான் சோதிக்க வேண்டும்: முதலில் முகம், அடுத்தது எடை.

இந்த ஊர்க்காரர்கள் அதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. இந்தியாவில் ரோமானிய வெள்ளிக்காசுகள் அதிகம் கிடைத்த பகுதி கொங்கு நாடுதான். கோவையை அடுத்த வெள்ளலூரில் 1842இல் 522 காசுகள் கிடைத்தன. 1913இல் கத்தாங்கண்ணியில் 233, 1946இல் உடுமலைப் பக்கம் பூதிநத்தத்தில் ஏறக்குறைய 1,400. மேலைக் கடற்கரைத் துறைமுகங்களில் இறங்கிய பணம் பாலக்காட்டுக் கணவாய் வழியே இங்கே வந்தது. கொடுமணலின் கல்மணியும் படியூரின் பச்சைக்கல்லும் இந்த வழியில்தான் இருந்தன.

காசின் பெயர் தெனாரியஸ். குறுக்களவு 18, 19 மில்லிமீட்டர். எடை நான்கு கிராமுக்குச் சற்றுக் குறைவு. கொங்கில் கிடைத்தவற்றில் பெரும்பாலானவை இரண்டே வகை.

முதல் வகை ரோமப் பேரரசர் அகஸ்டஸ் வெளியிட்டது. ஒரு பக்கம் இலைமாலை சூடிய அவரது தலை. மறுபக்கத்தில் இரண்டு இளைஞர்கள் நிற்பார்கள். நடுவே கேடயங்களும் ஈட்டிகளும் இருக்கும். அவர்கள் கையஸ், லூசியஸ். பேரன்களான இருவரையும் அகஸ்டஸ் தத்தெடுத்து வாரிசாக வளர்த்தார். லூசியஸ் கி.பி. 2இலும் கையஸ் கி.பி. 4இலும் இறந்துபோனார்கள். அரியணை ஏறாத அந்தப் பிள்ளைகளின் உருவம் நொய்யல் ஆற்றங்கரை மண்ணுக்குள் பத்திரமாக இருந்திருக்கிறது.

அடுத்தது பேரரசர் திபேரியஸின் காசு. மறுபக்கத்தில் ஒரு பெண் நாற்காலியில் அமர்ந்து, ஒரு கையில் செங்கோலும் மறுகையில் கிளையும் பிடித்திருப்பாள். விவிலியத்தில் வரும் 'சீசரின் காசு' இதுதான் என்பது நெடுநாள் நம்பிக்கை. எழுத்து தேய்ந்திருந்தாலும் அந்த நாற்காலி பெரும்பாலும் தெரியும். லத்தீன் எழுத்தைப் படிக்க முடிந்தால் ஒன்றைக் கவனிக்கலாம்: இன்று 'யு' எழுதும் இடத்தில் ரோமானியர் 'வி' பொறித்தார்கள்.

இந்த இரண்டு மட்டும் ஏன் இவ்வளவு? கி.பி. 64இல் பேரரசர் நீரோ காசின் எடையையும் வெள்ளியின் தரத்தையும் குறைத்தார். அதனால் நம் வணிகர்கள் பழைய காசையே விரும்பினார்கள் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. சரக்கின் தரம் பார்ப்பது இந்த மண்ணுக்குப் பழைய பழக்கம்.

போலியும் உண்டு. அசல் காசு அச்சில் அடித்தது. வார்த்த போலியில் பூதக்கண்ணாடி வழியே பொடிக் குமிழ்களும் விளிம்பில் இணைப்புக் கோடும் தெரியலாம். செம்பின் மேல் வெள்ளி போர்த்திய காசுகள் ரோமானியர் காலத்திலேயே புழங்கின. தேய்ந்த இடத்தில் அவற்றின் சிவப்பு எட்டிப் பார்க்கும்.

கிணறு வெட்டும்போதோ கடைக்கால் தோண்டும்போதோ இப்படி ஒன்று அகப்பட்டால், புளியோ விபூதியோ போட்டுத் துலக்காதீர்கள்; முகமும் எழுத்தும் தேய்ந்துவிடும். கிடைத்த இடத்தையும் காசு இருந்த கலயத்தையும் அப்படியே படம் எடுங்கள். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தகவல் கொடுங்கள்.