எண்கள் ஏன் தலைகீழாக உள்ளன?

"சார், இந்தப் பக்கம் மட்டும் நம்பர் ஏன் தலைகீழா இருக்கு?"

ஏழாம் வகுப்பில் சிக்ஸ் பெரும-சிறும வெப்பநிலைமானியைக் காட்டியபோது ஒரு மாணவி கேட்டாள். பாதரசம் விரிவதால் இக்கருவி இயங்குகிறது என்றே பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தேன். பாதரசம்தான் விரிகிறது என்றால் இரு பக்கமும் உயர வேண்டுமே! நாளை சொல்கிறேன் என்றேன். அன்று மாலை கருவியை மேசையில் வைத்து நானே மீண்டும் படித்தேன்.

சாதாரண வெப்பநிலைமானி அந்த நேரத்து வெப்பநிலையை மட்டுமே காட்டும். இரவின் மிகக் குறைந்த வெப்பநிலையை அறிய விழித்திருக்க வேண்டும். இங்கிலாந்தின் கேன்டர்பரியைச் சேர்ந்த ஜேம்ஸ் சிக்ஸ் 1780இல் இதற்குத் தீர்வு கண்டார். 1782இல் அதை லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் விளக்கினார்.

'U' வடிவக் குழாய். இடப்புறக் குமிழ் முழுவதும் ஆல்கஹால். வலப்புறக் குமிழில் ஆல்கஹாலுக்கு மேல் சிறிது வெற்றிடம் உண்டு. நடுவே பாதரசம். வெப்பநிலையை உணர்வது இடப்புற ஆல்கஹால். பாதரசம் தள்ளப்படும் பொருள் மட்டுமே.

வெப்பம் கூடினால் ஆல்கஹால் விரிந்து பாதரசத்தை இடப்புறம் இறக்கி, வலப்புறம் ஏற்றும். குளிர்ந்தால் ஆல்கஹால் சுருங்க, பாதரசம் இடப்புறம் ஏறும். அதாவது இடப்புறத்தில் பாதரசம் ஏற ஏற வெப்பநிலை குறைகிறது. எனவேதான் அங்கு எண்கள் தலைகீழ்.

பாதரசத்தின் மேல் இரு பக்கமும் சிறிய எஃகுக் குறிகாட்டிகள் உள்ளன. பாதரசம் அவற்றை மேலே தள்ளும். தான் இறங்கும்போது அங்கேயே விட்டுவிடும். வலப்புறக் குறிகாட்டி பெருமத்தையும் இடப்புறக் குறிகாட்டி சிறுமத்தையும் காட்டும்.

வகுப்பில் மூன்றைக் கவனியுங்கள்:

1. குறிகாட்டியின் கீழ்முனையில் அளவு எடுக்க வேண்டும்.

2. இப்போதைய வெப்பநிலையை இரு பக்கப் பாதரச மட்டங்களும் ஒன்றாகவே காட்ட வேண்டும். வேறுபட்டால் கருவியில் கோளாறு.

3. தினமும் ஒரே நேரத்தில் குறித்த பின், காந்தத்தால் குறிகாட்டிகளைப் பாதரசத்தைத் தொடும்வரை இறக்க வேண்டும். காலையில் குறித்தால், பெருமம் பெரும்பாலும் முந்தைய நாள் பகலுக்குரியது.

மறுநாள் வகுப்பில், முன்பு நான் சொன்னது தவறு என்று கூறிவிட்டு, கரும்பலகையில் குழாயை வரைந்தேன். "வெயில் ஏறினால் எந்தப் பக்கம் இறங்கும்?" என்று கேட்டேன். கேள்வி கேட்ட மாணவியே வந்து அம்புக்குறி போட்டாள். சரியாகவே போட்டாள்.